மெய்நிகர் வெளிப்பாட்டுச் சிகிச்சை: சமூகப் பதற்றத்துக்கு

நாலு பேர் முன்னால் பேச எழுந்தாலே நா வறண்டு கை நடுங்குவோரை, அவர்கள் அஞ்சும் சூழலைக் கணினியில் உருவாக்கிப் படிப்படியாகப் பழக்கும் உளவியல் சிகிச்சை. தலையில் மாட்டும் கருவிக்குள் ஒரு கூட்ட அறை விரியும். முன்வரிசைக்காரர் ஆர்வமாகக் கேட்பதா, கொட்டாவி விடுவதா என்பதைச் சிகிச்சையாளர் கணினியிலிருந்தே மாற்றுவார். பொம்மை முகம் முறைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. சிகிச்சைக்கு அதுவே போதும்.

அமெரிக்காவில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழுவினர் 1995இல் உயர அச்சத்துக்கு இம்முறையைச் சோதித்தனர். அட்லாண்டாவில் பேஜ் ஆண்டர்சன் குழுவினர் சமூகப் பதற்றம் உள்ள 97 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், குழுவாக அமர்ந்து பெறும் வெளிப்பாட்டுச் சிகிச்சைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பலன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்தது. கருவியே குணமாக்கிவிடும் என்று நம்புவது தவறு. ‘எல்லோரும் சிரிப்பார்கள்’ என்ற எதிர்பார்ப்பு பொய்த்ததை நோயாளியோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். கருவியை மாட்டும்போது சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருவதுண்டு.