பாட்டு வரிசையும் வாக்குரிமையும்

இசை நிகழ்ச்சியினிடையே இசையைப் பற்றிய செய்தியையும் கூறுதல் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த வழக்கமாகும். இவ்வாரம் முதலிடம் பெற்ற பாட்டு யாது, ஏறியது யாது, இறங்கியது யாது என அறிவிக்கும் பகுதியைக் கேட்பதற்கென்றே மக்கள் காத்திருந்தனர். பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1964 சனவரி 1 ஆம் நாள் தொடங்கிய ‘டொப் ஒஃப் த பொப்ஸ்’ 2006 வரை வாரந்தோறும் நிலைத்தமைக்கு இச்செய்தியே பெருங்காரணம். இலங்கையில் தொலைக்காட்சி வந்தது 1979 இலேதான். ஆயின் அதற்கு நெடுங்காலம் முன்னரே இப்பணியைக் கொழும்பு வானொலி ஆற்றிவிட்டது.

இரண்டாம் உலகப் போரிலே நேச நாட்டுப் படையினருக்காக எக்கலையில் நிறுவப்பெற்ற ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசுக்குக் கிடைத்தது. 1950 செத்தெம்பர் 30 இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த அவுத்திரேலியர் கிளிபோர்டு டொட் அதனை நெறிப்படுத்தினார். இந்தியாவிலோ, 1952 இல் ஒலிபரப்பமைச்சரான பி. வி. கேசுக்கர் திரைப்பாடலுக்கு அகில இந்திய வானொலியில் இடத்தைச் சுருக்கினார். விரட்டப்பட்ட பாட்டு கடல் தாண்டிக் கொழும்பில் அடைக்கலம் புகுந்தது.

அவ்வாண்டின் இறுதியில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் ஒப்புநோக்கத் தக்கவை. நவம்பர் 14 இல் இலண்டன் இசையிதழ் ஒன்று, ஏறத்தாழ 20 இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் வினவி, பிரித்தானியாவின் முதலாவது விற்பனை வரிசையை வெளியிட்டது. இடங்கள் 12, சமநிலையால் அவற்றுட் புகுந்த பாட்டுகளோ 15. மூன்று வாரத்துள், திசெம்பர் 3 இல், இலங்கை வானொலியில் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. இருபது வயதும் நிரம்பாத அமீன் சயானி பம்பாயிலே பேசிப் பதிந்த நாடா விமானமேறிக் கொழும்புக்கு வரும். முதலில் அது போட்டியாகவே இருந்தது: ஏழு பாட்டுகளை ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்தி எழுதுமாறு நேயரைக் கேட்டனர். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்தனவென்றும், ஓராண்டுள் அது வாரத்துக்கு 65,000 ஆயிற்றென்றும் சயானி பின்னாளிற் கூறினார். எண்ணி மாளாமையின் போட்டியைக் கைவிட்டு, கடை விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் கொண்டு வானொலியாரே வரிசை வகுத்தனர். கடிதம் மிகுந்தமையாலேயே கடிதம் எழுதியோர் தீர்ப்புரிமையை இழந்தனர் என்பது வேடிக்கையே.

இதே ஆண்டினை அவிசாவளை – அட்டன் வீதியிலுள்ள கரவனெல்லையிலிருந்து நோக்கினால் வேறொரு பொருள் புலப்படும். களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. 1947 இல் என். எம். பெரேராவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ருவன்வெல்லத் தொகுதி இப்பகுதியே. ஆயின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும், இந்திய வமிசாவளித் தொழிலாளருட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிவிட்டன. 1952 மே மாதத் தேர்தலில் இலயங்களில் வாழ்ந்தோருட் பெரும்பாலார் வெறும் பார்வையாளரே.

அம்மக்களை நேயர் என அழைத்தது வானொலி. பால்வெட்டு விடியற் குளிரிலே தொடங்கி வெயிலேறுமுன் முடிவது, மாலைப்பொழுது அவர்க்குரியது. மின்சாரம் எட்டாத இலயங்களுக்கு, பின்னர் வந்த மின்கலத் திரான்சிசுற்றர் பெட்டி பெருந்துணையாயிற்று. தமிழ் வர்த்தக ஒலிபரப்பிலே எஸ். பி. மயில்வாகனனார் போன்ற அறிவிப்பாளர் புகழ்பெற்றனர். ‘நேயர் விருப்பம்’ போன்ற நிகழ்ச்சிகளில் ஒரு பாட்டுக்கு முன் அதனை விரும்பியோர் பெயரும் ஊரும் நீளமாக வாசிக்கப்படும். யாழ்ப்பாணத்து ஊர்களோடும் தமிழகத்து ஊர்களோடும் தோட்டப் பெயர்களும் ஒருங்கே ஒலித்தன. இடாப்பில் இல்லாத பெயரை நாடே கேட்டது. ஓர் அஞ்சலட்டை வாக்குச்சீட்டுக்கு ஈடாகாது. பாட்டைத் தெரிந்தவன் கூலியை உயர்த்தவும் இயலாது. எனினும் தன் விருப்பத்தை எழுத, அதற்குச் செவிசாய்க்க ஒரு பொது நிறுவனம் இருந்தது என்பதனைச் சிறு செய்தியென்று தள்ளிவிடுதல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. அரச ஆவணங்களிலே எண்ணிக்கையாகவே நின்றவர்கள், இங்கே சுவையுடைய மனிதராகத் தோன்றினர்.

1957 ஒக்டோபர் 3 இல் இந்தியா ‘விவித் பாரதி’யைத் தொடங்கித் திரைப்பாடலை மீள அழைத்தது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் நாடு யாதென வகுக்க முற்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிற்பேச்சுக்கு. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர்க்குத் தமிழகத்திலும் கொழும்பின் தமிழ் ஒலிபரப்புத் தெளிவாகவே கேட்டது. இலங்கையிலே நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை அளித்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கி அப்போது ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.