பழவேற்காட்டுச் செப்புக் காசு

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை 1613-இல் எழுந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை, அதன் சோழமண்டல வணிகம் முழுவதையும் பழவேற்காட்டிலிருந்தே நடத்தியது. நாணயமும் இங்கே அடித்தார்கள். சேகரிப்பாளர்கள் முதலில் கை நீட்டுவது தங்க வராகனுக்குத்தான். கூட வந்த செப்புக் காசை யாரும் அவ்வளவாகச் சீந்துவதில்லை. ஒரு பக்கம் கம்பெனியின் வி, ஓ, சி எழுத்துகள் பின்னிய முத்திரை (கப்பலோட்டிய தமிழரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), சிலவற்றில் அதன் தலையில் ஊரைக் குறிக்கும் ‘பி’. கையால் அடித்த காசு என்பதால் ஓரம் கோணலாக இருக்கும். அச்சு நடுவில் விழாமல் முத்திரையில் பாதி வெளியே போயிருக்கும். ஆனாலும் வராகனைவிட இந்தக் காசே வரலாற்றுக்கு மதிப்புள்ளது என்பது என் கட்சி.

புகழ் இல்லாத பொருளுக்கு விலை எப்படி ஏறுகிறது என்பதற்கு அமெரிக்க பேஸ்பால் அட்டைகள் நல்ல சான்று. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டியோடு வந்த ஒரு வரிசையில், நட்சத்திர வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது. அதே வரிசையில் ஜோ டாயில் என்ற சாதாரணப் பந்துவீச்சாளரும் இருக்கிறார். அவருடைய அட்டை மலிவு. ஆனால் லீக்கின் பெயரைத் தப்பாக அச்சிட்ட அவரது சில பிரதிகள் மட்டும் லட்சக்கணக்கான டாலர் பெறும். அந்த விலை ஆளுக்கானதே அல்ல. அட்டை பிறந்த விதத்துக்கானது. பொய்க் கதையும் விலை ஏற்றும். ஹாலந்தில் 1726 முதல் அடித்த கம்பெனிச் செப்புக் காசுகளை ‘நியூயார்க் பென்னி’ என்று அமெரிக்காவில் விற்றிருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் நியூயார்க்கை இழந்ததோ 1664-இல்!

பழவேற்காட்டுக் காசுக்குக் கதை கட்டத் தேவையில்லை. ஜப்பானியச் செம்பைக் கப்பலில் கொண்டுவந்து இக்கரையில் விற்றது இதே கம்பெனி. மொத்தத் துணி வியாபாரத்துக்கு வராகன் போதும். சில்லறைச் சந்தைக்குக் காசுதான் வேண்டும். கம்பெனிக் கணக்கேடுகளில் வராகன் பக்கம் பக்கமாக வரும். மீன் கூடைக்காரியின் கொடுக்கல் வாங்கலுக்கு அங்கே இடமில்லை. அதற்குச் சாட்சி சொல்லக்கூடியது காசு ஒன்றே, அதுவும் கிடைத்த இடம் தெரிந்தால் மட்டும். பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்து மணலில் எடுத்தது என்றால் அது ஒரு தகவல். ஊர் பேர் தெரியாமல் ஏலப் பட்டியலில் வந்தால் இன்னொரு பழைய காசு, அவ்வளவுதான்.

பழங்காசு வியாபாரிகள் மட்டும் வாங்காவிட்டால் இவை எடைக்குப் போய் உருகியிருக்குமே என்று கேட்கலாம். நியாயம்தான். பெருவழுதி என்ற பெயர் பொறித்த சங்க காலக் காசை இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டதும் ஒரு சேகரிப்பாளராகத்தான். ஆனால் காசு பிழைத்தாலும், கை மாறும்போது கிடைத்த இடத்தின் பெயர் பிழைப்பதில்லை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். ஒற்றைச் செப்புக் காசுக்காக வலையைப் போட்டுவிட்டுத் திருவள்ளூருக்குப் பஸ் ஏறுபவர் யார்? வாங்குகிற வியாபாரி குப்பத்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காசோடு வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இடம் தெரிந்த காசுக்குக் கூடுதல் விலை கொடுக்கச் சேகரிப்பாளர்கள் முன்வந்தால், அவர் எழுதாமலா இருப்பார்?