கொரிந்துத் திருச்சபையில் பந்தி வஞ்சனை: தொடக்ககாலக் கிறித்தவப் போதனையும் பொது உணவும்

ஒரே பந்தியில் அமர்ந்தவர்களுக்கு ஆள் பார்த்துப் பரிமாறுவதைத் தமிழ் வழக்கு ‘பந்தி வஞ்சனை’ என்கிறது. உணவு குறைவாகக் கிடைத்தது என்பதைவிட, பிறர் காணக் குறைவாகக் கிடைத்தது என்பதே அதில் பெரிய குற்றம். ஏறத்தாழக் கி.பி. 54இல் எபேசு நகரிலிருந்து பவுல் கொரிந்துத் திருச்சபைக்கு எழுதிய கடிதத்தின் 11ஆம் அதிகாரம் கண்டிப்பது ஏறக்குறைய இதே குற்றத்தைத்தான். அக்கடிதம் பெரிதும் இறையியல் நூலாகவே படிக்கப்பட்டு வந்துள்ளது. ஆனால் அதன் நடுப்பகுதி முழுவதும் அன்றாடச் சிக்கல்களால் ஆனது. சந்தையில் விற்கும் இறைச்சியை வாங்கலாமா, நம்பிக்கை கொள்ளாத கணவனோடு வாழலாமா, தமக்குள் எழும் வழக்கை நகர மன்றுக்குக் கொண்டுசெல்லலாமா என்று அங்கே கேள்விகள் அடுக்கடுக்காக எழுகின்றன. இவற்றுள் உணவுப் பந்தியின் சிக்கலே ஆழமானது. அதற்குப் பவுல் தந்த தீர்வு பின்வந்த மூன்று நூற்றாண்டுகளில் எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நகரமும் அதன் மக்களும்

பழைய கொரிந்தை உரோமைத் தளபதி லூசியுஸ் மும்மியுஸ் கி.மு. 146இல் அழித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, கி.மு. 44இல், யூலியஸ் சீசரின் முயற்சியால் அது உரோமைக் குடியேற்ற நகராக மீண்டும் எழுந்தது. அங்குக் குடியேற்றப்பட்டோருள் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்ட அடிமைகள் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். சரோனிக் வளைகுடாப் பக்கம் கெங்கிரேயா, கொரிந்து வளைகுடாப் பக்கம் லெக்கேயோன் என இரு துறைமுகங்கள் அந்நகருக்கு வாய்த்திருந்தன. குலப்பெருமை இல்லாதவர் பணத்தால் உயரக்கூடிய இடம் அது. அவ்வாறு உயர்ந்தவர்க்குத் தம் தகுதியைப் பிறர் காணக் காட்டவேண்டிய தேவையும் மிகுதி. கொரிந்தில் கிடைத்த கல்வெட்டுகளில் கொடையாளர் தம் பெயரைப் பொறித்துக்கொண்ட ஆர்வத்தை இப்பின்னணியில் வைத்துக் காண வேண்டும்.

பவுல் அங்கு ஒன்றரை ஆண்டு தங்கினார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அகாயாவின் ஆளுநர் கல்லியோனைக் குறிப்பிடும் டெல்ஃபிக் கல்வெட்டைக் கொண்டு, அக்காலத்தைக் கி.பி. 50-52 அளவில் வரையறுக்கின்றனர். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா இணையரோடு கூடாரத் தொழில் செய்தே அவர் தம் வயிற்றைக் கழுவினார். கொரிந்தியரின் பொருளுதவியை ஏற்க மறுத்தார். செல்வரை அண்டி வாழ்வதும், அண்டுவோரைப் புரப்பதும் இயல்பான உறவுமுறையாகக் கருதப்பட்ட நகரில் இம்மறுப்பு ஓர் அவமதிப்பாகவே பட்டிருக்கும்.

சபையில் ஞானியரும் வலியோரும் உயர்குடிப் பிறந்தோரும் பலரில்லை என்று பவுலே எழுதுகிறார். பலரில்லை என்றால் சிலர் இருந்தனர் என்பது பொருள். சபை முழுவதையும் தம் இல்லத்தில் வரவேற்ற காயு, நகரின் நிதிப் பொறுப்பாளராகச் சுட்டப்படும் ஏரஸ்து ஆகியோர் அச்சிலருள் அடங்குவர். இவர்களோடு அடிமைகளும் கூலித் தொழிலாளரும் ஒரே சபையில் இருந்தனர். கொரிந்தின் பூசல்கள் பலவற்றுக்கு வேர் கோட்பாட்டு வேறுபாட்டில் இருப்பதைக் காட்டிலும் இந்தச் சமூக ஏற்றத்தாழ்வில்தான் மிகுதியும் இருக்கிறது என்பதை 1970களில் ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் டைசன் விரிவாக நிறுவினார்.

சாய்மஞ்சமும் முற்றமும்

உரோமை விருந்தறையில் மூன்று சாய்மஞ்சங்கள் இடப்படும்; ஒன்றுக்கு மூவராக ஒன்பதுபேர் சாய்ந்து உண்பது மரபு. யார் எம்மஞ்சத்தில் எவ்விடத்தில் சாய்வது என்பதிலேயே மதிப்பு வரிசை புலப்படும். கொரிந்துக்கு அருகே அனப்லோகாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செல்வர் இல்லம் ஒன்றின் விருந்தறை 5.5 மீட்டருக்கு 7.5 மீட்டர் அளவுள்ளது. இத்தகைய வீட்டில் சபை கூடியிருந்தால், வீட்டுத் தலைவரின் நண்பர்கள் உள்ளே சாய்ந்திருக்க, எஞ்சியோர் முற்றத்தில் நெருக்கியடித்து நின்றோ அமர்ந்தோ இருந்திருப்பர் என்று மர்பி-ஓகானர் விளக்கினார். அந்த இல்லத்தின் காலம் பற்றிய ஐயங்கள் பின்னர் எழுந்தன. சபை கூடியது எளிய மாடியறைகளிலோ தொழிற்கூடங்களிலோ இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. கட்டடம் எதுவாயினும், பவுலின் சொற்கள் ஐயத்துக்கு இடமின்றி ஒரு காட்சியைத் தருகின்றன: ஒருவர் பசியோடிருக்க, மற்றொருவர் குடித்து வெறித்திருக்கிறார்.

இது கொரிந்துச் செல்வரின் தனிப்பட்ட கொடுமை அன்று. அன்றைய நாகரிகமே அது. ஒரு நூற்றாண்டின் இறுதியில் இளைய பிளினி எழுதிய கடிதம் ஒன்று இதற்குச் சான்று. அவர் உண்ட ஒரு வீட்டில் மதுவை மூன்று தரமாகப் பிரித்து வைத்திருந்தனர்: வீட்டுத் தலைவர்க்கும் பிளினி போன்றோர்க்கும் ஒன்று, தாழ்ந்த நண்பர்க்கு ஒன்று, விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்கு ஒன்று. பிளினிக்கு இது அருவருப்பாக இருந்தது. தம் வீட்டில் எல்லார்க்கும் ஒரே உணவுதான் என்கிறார். அது செலவு மிக்கதல்லவா என்ற கேள்விக்கு அவர் தரும் விடை சுவையானது: விடுவிக்கப்பட்டோர் தம் மதுவைக் குடிப்பதில்லை, தாம்தான் அவர்களுடைய மதுவைக் குடிப்பதாகச் சொல்கிறார். ஆகவே இவ்வழக்கத்தைக் குறை கூறக் கிறித்தவராக இருக்கவேண்டிய தேவையில்லை. மார்ஷியலும் ஜுவெனலும் கடைநிலை விருந்தினரின் மனப்புண்ணைப் பாட்டில் வைத்திருக்கின்றனர்.

பவுலின் கண்டனம் எங்கே வேறுபடுகிறது? பிளினிக்கு அது பண்பாட்டுக் குறை, கருமித்தனம். பவுலுக்கு அது அவ்வுணவின் இயல்பையே அழித்துவிடும் செயல். ‘கூரியகோன் டெய்ப்னோன்’ என்னும் ஆண்டவரின் விருந்துக்கு எதிராக ‘இடியோன் டெய்ப்னோன்’, அதாவது அவரவர் சொந்த விருந்து, என்ற தொடரை அவர் நிறுத்துகிறார். அவரவர் கொண்டுவந்ததை அவரவர் தரத்தினரோடு உண்டபின், ஒரே அப்பத்தைப் பிட்டுப் பகிர்வதால் பயன் என்ன? அப்படிக் கூடுவது ஆண்டவரின் விருந்தே அன்று என்று அவர் கருதினார். இல்லாதவரை நாணச் செய்வது இறைவனின் சபையையே இகழ்வதாகும் என்ற அளவுக்குச் செல்கிறார். இயேசு கடைசி இரவில் அப்பத்தையும் கிண்ணத்தையும் பகிர்ந்த மரபு நற்செய்தி நூல்கள் எழுதப்படும் முன்பே இக்கடிதத்தில் பதிவாகியிருக்கிறது. அப்பதிவுக்குக் காரணமாக அமைந்தது ஒரு பந்திச் சண்டை என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

‘டெய்ப்னோன்’ என்பது நாளின் முதன்மை உணவான மாலை விருந்து. சீர்திருத்தத் திருச்சபைகளின் தமிழ் விவிலியத்தில் வரும் ‘இராப்போஜனம்’ என்னும் சொல் அந்தப் பொழுதைக் காத்து வைத்திருக்கிறது. காலை வழிபாட்டில் அச்சொல் ஒலிக்கும்போது, அது ஒருகாலத்தில் வயிறு நிறைந்த உணவாக இருந்தது என்பதன் தடயமாகவும் அமைகிறது.

தீர்வும் அதன் எல்லையும்

பவுல் சொன்ன தீர்வு இரண்டு கூறு கொண்டது. உண்ணக் கூடும்போது ஒருவர்க்கொருவர் காத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. தம் நேரம் தமக்குரியதல்லாத அடிமைகளும் கூலியாட்களும் தாமதமாகவே வந்திருப்பர் என்பதை இது உணர்த்துகிறது. அவ்வினைச்சொல்லுக்கு ‘காத்திருத்தல்’ என்பதோடு ‘விருந்தேற்றல்’ என்ற பொருளும் உண்டென்று ஆய்வாளர் சிலர் காட்டுவர். அவ்வாறு கொண்டால் கட்டளை இன்னும் கனமாகிறது. இரண்டாவது கூறு, பசியுள்ளவர் வீட்டிலேயே உண்ணட்டும் என்பது. இதில்தான் சிக்கல் இருக்கிறது. வீட்டில் உண்ண வழியுள்ளவர்க்குத்தான் இவ்வறிவுரை பொருந்தும். செல்வர் தம் வீட்டில் தம் தரத்துக்கு உண்ணலாம். சபையின் பந்தியில் மட்டும் அதைக் காட்டலாகாது. வீட்டின் ஏற்றத்தாழ்வைத் தொடாமல், பொதுப் பந்தியை மட்டும் அதிலிருந்து விலக்கிக் காத்தார் பவுல். இது கோழைத்தனம் என்று ஒதுக்குவது எளிது. வீடே உற்பத்திக்கும் அதிகாரத்துக்கும் அலகாக இருந்த சமூகத்தில், வாரம் ஒருமுறை கூடும் சிறு குழு வேறெதை மாற்றியிருக்க இயலும் என்ற எதிர்வினாவும் உண்டு.

ஏனைய சிக்கல்களிலும் இதே அணுகுமுறை காணப்படுகிறது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிய அவரது விடை ஒரே விதி அன்று. சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கி உண்ணலாம். நம்பிக்கை கொள்ளாத நண்பர் அழைத்தால் பரிமாறுவதை உண்ணலாம். ஆனால் ‘இது படையல்’ என்று உடனிருக்கும் ஒருவர் சுட்டினால், அவர் மனச்சான்றுக்காக உண்ணாது விடவேண்டும். கோயில் விருந்து மட்டும் கூடாது. பொருளின் தூய்மையைக் காட்டிலும் உடனுண்பவரின் மனமே இங்கு அளவுகோல். இறைச்சியை அரிதாகவே காணும் ஏழைக்கு அது பெரும்பாலும் விழாக்காலப் படையலாகவே கிடைத்திருக்கும் என்ற டைசனின் கருத்தை ஏற்றால், படையலுக்கு அஞ்சியவர் யார், அஞ்சாதவர் யார் என்பதிலும் வர்க்கத்தின் சாயல் படிகிறது.

மணவுறவில் அவர் இன்னும் துணிகிறார். மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமையைச் சொன்ன அதே மூச்சில், கணவனின் உடல்மீது மனைவிக்கும் அவ்வுரிமை உண்டென்கிறார். அடுத்த தலைமுறையில் புளூட்டார்க் மணமக்களுக்கு எழுதிய அறிவுரையில், கணவன் வணங்கும் தெய்வங்களையே மனைவி வணங்க வேண்டும் என்கிறார். அத்தகைய உலகில் மனைவி மட்டும் தனியே புதிய வழிபாட்டுக்கு வந்தது குடும்பக் கலகமாகவே தோன்றியிருக்கும். கணவன் உடன்பட்டால் பிரியவேண்டாம், அவன் பிரிய விரும்பினால் தடுக்கவேண்டாம் என்பது பவுலின் விடை. அடிமைகளைப் பற்றிய அடியோ இன்றளவும் தெளிவற்றது: விடுதலை கிடைக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள் என்றும், உள்ள நிலையையே பயன்படுத்திக்கொள் என்றும் அந்தக் கிரேக்கத் தொடரைப் படிக்கலாம்.

பந்தியின் பின்கதை

ஏறத்தாழக் கி.பி. 112இல் பித்தினியா-போந்து மாநில ஆளுநராக இருந்த அதே பிளினி, மன்னர் டிராஜானுக்குக் கிறித்தவரைப் பற்றி எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் கூடிப் பாடியதாகவும், கலைந்து சென்றபின் உணவுக்காக மீண்டும் கூடியதாகவும், அவ்வுணவு இயல்பான தீங்கற்ற உணவே என்றும் விசாரிக்கப்பட்டோர் கூறினர். சங்கங்களைத் தடை செய்த ஆணைக்குப்பின் அவ்வுணவுக் கூட்டத்தை நிறுத்திவிட்டதாகவும் கூறினர். மேலும் உண்மை அறிய, சபையில் பணியாளர் எனப்பட்ட அடிமைப் பெண்கள் இருவரைப் பிளினி சித்திரவதை செய்தார். விருந்தில் விடுவிக்கப்பட்டவரோடு ஒரே மதுவை அருந்திய பெருந்தன்மையாளர் இவரே என்பதை மறந்துவிடலாகாது.

வழிபாட்டிலிருந்து உணவு பிரிந்ததற்கு ஆக இரண்டு காரணங்கள் தெரிகின்றன: வீட்டிலேயே உண்ணுங்கள் என்ற பவுலின் அறிவுரை ஒன்று; கூடி உண்பதை ஐயுற்ற அரசு மற்றொன்று. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் ஜஸ்டின் விவரிக்கும் ஞாயிறு வழிபாட்டில் அப்பமும் மதுவும் தண்ணீரும் மட்டுமே உள்ளன. பந்தியின் இடத்தை நிதி பிடித்திருக்கிறது. வசதியுள்ளோர் விரும்பியதைத் தருகின்றனர். தலைவர் அதைக்கொண்டு அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையிலிருப்போர், வழிப்போக்கர் ஆகியோரைப் பேணுகிறார். வரமுடியாதவர்க்கு அப்பத்தைத் திருத்தொண்டர் கொண்டுசெல்கின்றனர். கொரிந்தில் பசித்தவர் செல்வரின் எதிரே இருந்தார்; இங்கு அவர் உதவி பெறுபவராகிவிட்டார். பசி தணிந்தது, ஆனால் உடனமர்தல் குறைந்தது.

முழு உணவு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஏறத்தாழ 197இல் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் ‘அகாப்பே’ எனும் அன்பு விருந்தைப் பெருமையோடு வருணிக்கிறார். இறைவேண்டலுக்குப் பின்பே சாய்வர், பசிக்குத் தக்க அளவே உண்பர், ஏழையர்க்கு அது ஆதரவு என்கிறார். நான்காம் நூற்றாண்டில் ஃபிரிகியாவின் லவோதிக்கேயாவில் கூடிய சங்கத்தின் விதிகளில் இதன் கடைசிக் கட்டம் தென்படுகிறது. 27ஆம் விதி, அன்பு விருந்துக்கு அழைக்கப்பட்டோர் தம் பங்கை வீட்டுக்கு எடுத்துச்செல்லலாகாது என்கிறது. 28ஆம் விதி, ஆலயங்களுக்குள் அன்பு விருந்து நடத்துவதையும் உண்பதையும் தடை செய்கிறது. இறைவன் இல்லத்தில் சாய்மஞ்சம் விரிக்கலாகாது என்றும் சேர்த்துச் சொல்கிறது.