உழவு மட்டுமே பெயரில் நின்றது: இந்தியாவில் பவர் டில்லரின் பருவங்கள்

இரண்டு சக்கரங்கள், ஒற்றை உருளை எஞ்சின், பின்னால் நீண்ட இரு கைப்பிடிகள், அவற்றைப் பிடித்தபடி நடந்துவரும் ஒரு மனிதர். ஆசியாவின் நெல்வயல்களில் அறுபது, எழுபது ஆண்டுகளாகக் காணப்படும் இந்த எந்திரத்துக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பெயர் இட்டது. சீனத்தில் அது ‘கையால் பிடிக்கும் டிராக்டர்’. தாய்லாந்தின் பேச்சு வழக்கில் ‘இரும்பு எருமை’. இலங்கையில் லாண்ட்மாஸ்டர் என்ற பிரித்தானிய வணிகப் பெயரே பொதுப்பெயராகிவிட்டதால், பிற நிறுவனங்களின் வண்டிகளையும் மக்கள் அப்படியே அழைத்தனர். ஜப்பானிய மொழியில் ‘கோவுன்கி’. அச்சொல்லின் முதல் எழுத்து உழவையும் இரண்டாம் எழுத்து களையெடுப்பையும் குறிக்கும். இந்தியாவில் அரசு ஆவணங்களிலும் வயல்வெளிகளிலும் நிலைத்த பெயர் ‘பவர் டில்லர்’, அதாவது விசையால் உழும் கருவி.

இப்பெயர்களில் சில வண்டியைச் சுட்டுகின்றன, சில விலங்கைச் சுட்டுகின்றன. இந்தியப் பெயர் ஒரேயொரு வேலையைச் சுட்டுகிறது. ஆண்டு முழுவதும் வெவ்வேறு இணைப்புக் கருவிகளோடு உழைப்பதற்காக உருவான எந்திரம், இந்தியாவின் திட்டங்களிலும் கணக்குகளிலும் உழவுக் கருவியாக மட்டுமே பதிவானது. இதற்குப் பெயரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் நடந்தது என்ன என்பதற்கு அப்பெயர் ஒரு சான்று. அதன் விளைவை இணைப்புக் கருவிகளின் பயன்பாட்டிலும் பராமரிப்பிலும் காணலாம்.

இவ்வெந்திரத்தின் மூதாதையர் நெல்வயலில் பிறந்தவர்கள் அல்லர். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் முறைக்கு 1910ஆம் ஆண்டையொட்டி உருக்கொடுத்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கொன்ராட் ஃபொன் மேயன்பர்க். ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் 1912இல் தொடங்கிய சோதனைகள் 1920களில் ஒரு நிறுவனமாக வளர்ந்தன. அந்நிறுவனம் தன் கருவிக்கு இட்ட ‘ரோட்டவேட்டர்’ என்ற பெயர் ஆங்கில எழுத்துகளில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும். வணிகப் பெயர் பொதுப்பெயராக மாறி இன்று தமிழக உழவர் நாவிலும் இயல்பாகப் புழங்குகிறது. அமெரிக்காவில் பெஞ்சமின் கிரேவ்லி 1916இல் தம் ‘மோட்டார் கலப்பை’க்குக் காப்புரிமை பெற்றார். அங்கு அது தோட்ட டிராக்டர் மரபின் முன்னோடிகளுள் ஒன்றாக வளர்ந்தது. வசந்தத்தில் உழவு, கோடையில் புல்வெட்டு, குளிர்காலத்தில் பனி அகற்றல் எனப் பருவத்துக்கு ஒரு கருவியை ஒரே எஞ்சினில் மாட்டுவது அம்மரபின் அடிப்படை.

1920களில் சிமார் போன்ற சுவிஸ் எந்திரங்கள் ஜப்பானை அடைந்தன. அங்குள்ள பட்டறைகள் அவற்றைச் சேற்று வயலுக்கேற்ப மாற்றியமைத்தன. எனினும் பெரும்பரவல் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே நிகழ்ந்தது. போருக்குப் பிந்தைய நிலச்சீர்திருத்தம் குத்தகை உழவர்களை நில உடைமையாளர்களாக்கியது. சராசரியாக ஒரு ஹெக்டேர் அளவே நிலம் வைத்திருந்த அக்குடும்பங்கள் 1950களில் கைடிராக்டரை வாங்கத் தொடங்கின. மோட்டார் சைக்கிளால் பெயர் பெற்ற ஹோண்டா நிறுவனம் 1959இல் எஃப்150 என்ற தன் முதல் உழவு எந்திரத்தை வெளியிட்டது. அச்சூழலில் வாங்குபவர், ஓட்டுபவர், பழுது பார்ப்பவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர். ஒரு பருவத்தில் உழவு, மறு பருவத்தில் வண்டி இழுப்பு, பெல்ட் மாட்டிக் கதிரடிப்பு அல்லது நீரிறைப்பு என்று எந்திரம் வீட்டோடு இருந்தது. எஞ்சினில் எழும் புதிய ஓசையை முதலில் கேட்பவர் அதன் உரிமையாளராகவே இருந்தார்.

இந்தியாவுக்கு 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய எந்திரங்கள் வந்தன. 1965 முதல் மாநிலங்கள்தோறும் வேளாண் தொழிற்கழகங்கள் உருவாயின. 1967இல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் தொழில்நுட்பக் கூட்டோடு தொடங்கப்பட்டது. 1973இல் கேரளத்தின் அத்தாணியில் அரசுத் துறை நிறுவனமான காம்கோ, குபோட்டாவின் கூட்டோடு எழுந்தது. நிலத்தின் அளவை மட்டும் பார்த்தால் இந்தியாவுக்கு மிகவும் பொருந்தக்கூடிய எந்திரம் இதுவே. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி நிலவுடைமை 1.08 ஹெக்டேர். உடைமையாளர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் சிறு, குறு உழவர்கள். எனினும் டிராக்டர்கள் ஆண்டுக்குப் பல இலட்சம் விற்கும் நாட்டில், பவர் டில்லரின் விற்பனை பதினாயிரங்களிலேயே நின்றது. கேரளம், கர்நாடகம், மேற்கு வங்கம், ஒடிசா, அசாம் என நீரும் சேறும் மிகுந்த பகுதிகளில்தான் அது வேரூன்றியது.

அப்பகுதிகளில் எந்திரத்தின் ஓர் ஆண்டைப் பின்தொடர்ந்தால், ‘டில்லர்’ என்ற பெயர் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது தெரியும்.

கேரளத்தில் மழை தொடங்கும் விரிப்புப் பருவத்தில் ரப்பர் சக்கரங்கள் கழற்றப்பட்டு இரும்புக் கேஜ் வீல்கள் மாட்டப்படுகின்றன. சேற்றில் புதையாமல் எந்திரத்தைத் தாங்குவதும், சுழல்கத்திகளோடு சேர்ந்து மண்ணைக் குழைப்பதும் அவற்றின் பணி. எந்திரத்துக்கு மிகக் கடுமையான காலம் இதுவே. அச்சின் முனையிலுள்ள ஆயில் சீல் தேய்ந்திருந்தால் சேற்று நீர் கியர் பெட்டிக்குள் கசியும். கியர் ஆயில் பால் நிறமாக மாறுவது அதன் அடையாளம். அந்நிறத்தைக் கண்டதும் ஆயிலையும் சீலையும் மாற்றினால் செலவு சிறிது. காணாமல் விட்டால் பேரிங்குகளும் பற்சக்கரங்களும் துருவேறித் தேயும். கத்திகளில் இடப்புறம் வளைந்தவை, வலப்புறம் வளைந்தவை என இரு வகை உண்டு. வரிசை மாறி மாட்டினால் வயலில் மேடும் பள்ளமும் விழும். தேய்ந்த கத்தி ஆழமாக இறங்காது, டீசலை மட்டும் கூடுதலாகக் குடிக்கும். நாள் முடிவில் சேற்றைக் கழுவி, கத்திகளின் போல்ட்டுகளை இறுக்குவது சிறிய வேலைதான். ஆயினும் அடுத்த நாளின் உழவு அதைச் சார்ந்தே இருக்கிறது.

மேற்கு வங்கத்தின் ஹூக்ளிப் பகுதியில் ஆமன் நெல் அறுவடைக்குப் பின் அதே நிலம் உருளைக்கிழங்குக்கு மாறுகிறது. சேறு போய்ப் புழுதி வருகிறது. இப்போது கவனிக்க வேண்டிய இடம் ஆயில் சீல் அன்று, ஏர் கிளீனர். அதன் அடியிலுள்ள எண்ணெய் புழுதியால் கெட்டியானால் எஞ்சின் மூச்சுத் திணறும். வடிகட்டப்படாத புழுதி உள்ளே சென்றால் உருளையும் பிஸ்டன் வளையங்களும் தேயும். கர்நாடக மலைநாட்டின் பாக்குத் தோட்டங்களில் மரங்களுக்கிடையே செல்லக்கூடிய குறுகிய அகலமே இவ்வெந்திரத்தின் சிறப்பு. அங்கு அது உழுவதைப் போலவே சுமைகளையும் இழுக்கிறது.

உழவில்லாத மாதங்களில் ரப்பர் சக்கரங்கள் மீண்டும் ஏறுகின்றன, பின்னால் டிரெய்லர் இணைகிறது. செங்கல், மணல், உரம், நெல்மூட்டை என வண்டி ஊர்ச்சாலைக்கு வருகிறது. இங்கே வயலில் தேவைப்படாத ஓர் அறிவு தேவைப்படுகிறது. கைப்பிடியின் இருபுறமும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கிளட்ச் உண்டு. சமதளத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் இடச்சக்கரம் விசையிழக்க, வலச்சக்கரம் தள்ள, வண்டி இடப்புறம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை தலைகீழாகிறது. அப்போது எஞ்சின் வண்டியைத் தள்ளுவதில்லை, தடுத்துப் பிடிக்கிறது. இடது கிளட்சைப் பிடித்தால் கட்டவிழ்ந்த இடச்சக்கரம் முந்தி ஓட, வண்டி வலப்புறம் திரும்பும். சமவெளி வயலில் பழகியவர் சுமையேற்றிய டிரெய்லரோடு ஒரு பாலத்தின் இறக்கத்தில் முதன்முறையாக இதைக் கற்றுக்கொள்ள நேர்ந்தால், அவர் கொடுக்கும் விலை உயிராகவும் இருக்கலாம். ‘உழும் கருவி’ என்ற பெயருக்குள் இந்த எச்சரிக்கைக்கு இடமில்லை.

எவ்வேலையும் இல்லாத வாரங்களுக்கும் ஒரு முறை உண்டு. குளிர்விக்கும் நீரை வடித்துவிட வேண்டும். டீசல் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். காலி இடத்தில் ஈரக் காற்று குளிர்ந்து நீராகி டீசலோடு சேரும் என்பது அதற்குக் காரணம். வீ-பெல்ட்டைத் தளர்த்த வேண்டும், டயர்கள் சுமை தாங்காதபடி அடியில் கட்டை வைக்க வேண்டும். சுழற்றுக் கைப்பிடியை மெல்லச் சுற்றி, அழுத்தம் கையில் தட்டுப்படும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருப்பதால் உருளைக்குள் ஈரம் புகாது. கால் மணி நேரத்தில் முடியும் இச்செயல்களுக்கு யாரும் கூலி தருவதில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தியாவில் பவர் டில்லர் பெரிதும் வாடகைக்கு ஓடும் எந்திரம். உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர், நிலத்துக்குரியவர் மூன்றாமவர். வாடகை மணிக்கணக்கில் பேசப்படும்போது, கியர் ஆயிலைப் பார்க்க நிறுத்தும் ஐந்து நிமிடம் மூவருக்கும் இழப்பாகவே தோன்றும. பழுதைத் தன் கைகளில் முதலில் உணரும் ஓட்டுநருக்கு எந்திரம் சொந்தமன்று. சொந்தக்காரருக்கு அதன் அதிர்வு தெரியாது. ஜப்பானியக் குடும்பத்தில் ஒருவரிடம் திரண்டிருந்த பொறுப்பு இங்கே மூவருக்கிடையே சிதறியது. அரசின் மானியமும் வாங்கும் தருணத்தையே மையமாகக் கொண்டது. விற்ற எந்திரங்களை எண்ணுவது எளிது, ஐந்தாம் ஆண்டிலும் ஓடுகின்ற எந்திரங்களை எண்ணுவது கடினம்.

இக்குறையை எவரும் உணரவில்லை என்று சொல்வது நியாயமாகாது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதல் இயங்கும் மத்திய நிறுவனமும், பின்னர் ஹிசார், கார்லதின்னே, அசாமின் விஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களில் எழுந்த வட்டார நிறுவனங்களும் வேளாண் எந்திரங்களைச் சோதிப்பதோடு, இயக்கவும் பராமரிக்கவும் பயிற்சி அளித்து வருகின்றன. கேரளத்தின் மண்ணுத்தியில் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘உணவுப் பாதுகாப்புப் படை’, ஓட்டும் திறனையும் பழுது நீக்கும் திறனையும் ஒரே தொழிலாளரிடம் சேர்க்க முயன்றது. சிதறிய பொறுப்பை மீண்டும் ஒரு கையில் திரட்டும் முயற்சியாக அதைக் கருதலாம்.

2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அந்த அறிவிக்கை எந்திரத்தின் பாகங்களாக எஞ்சின், டிரான்ஸ்மிஷன், சட்டகம், ரோட்டவேட்டர் ஆகிய நான்கைக் குறிப்பிடுகிறது. டிரெய்லரும் கேஜ் வீலும் பாரமைக்கும் கலப்பையும் அவ்வரையறையில் இல்லை. பெயரில் இருந்த உழவு, சட்டத்தின் சொற்களிலும் அப்படியே தொடர்ந்தது. ஆனால் அதே ஆணையின் நிபந்தனைகளில் வேறொரு குரலும் ஒலிக்கிறது. உரிமம் கோரும் இறக்குமதியாளரிடம் பயிற்சி, விற்பனைக்குப் பிந்தைய சேவை, உதிரிபாகம் ஆகியவற்றுக்கான வசதி இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. எந்திரம் விற்ற நாளுக்குப் பிறகும் வாழ்கிறது என்பதை வணிக ஆணையொன்று இவ்வாறு ஒப்புக்கொள்கிறது.

இந்திய வேளாண் எந்திரமயத்தின் வரலாறு இதுவரை பெரும்பாலும் இறக்குமதி, உற்பத்தி, மானியம் ஆகியவற்றின் எண்களால் எழுதப்பட்டுள்ளது. பவர் டில்லரின் முழு வரலாற்றுக்கு வேறு ஆவணங்களும் தேவை. எம்மாதத்தில் எத்தனை ஆயில் சீல்கள் விற்றன என்று காட்டும் சிற்றூர் உதிரிபாகக் கடையின் பழைய பற்றேடு, அவ்வூரில் சேற்றுழவு நடந்த நாள்களைச் சொல்லும். டயர் விற்பனை சாலைக்காலத்தைச் சொல்லும். பட்டறைக்காரர் ஒவ்வொரு பாகத்துக்கும் வழங்கும் சொற்கள், கையேட்டின் ஆங்கிலம் எவ்வழியாக மலையாளமாகவும் கன்னடமாகவும் வங்காளமாகவும் அசாமியமாகவும் மாறியது என்பதைச் சொல்லும். இவை நூலகங்களில் தேடி எடுக்கக்கூடியவை அல்ல. அவற்றைக் கையில் வைத்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டறைக்காரர்கள் முதுமையை எட்டிவிட்டனர்.