இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் முறையின் வரலாறு

என்.எச்.எல். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய ஹாக்கி லீக், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணிகள் ஆடும் தொழில்முறை ஐஸ் ஹாக்கித் தொடராகும். அதன் அணிகள் ஒவ்வோர் ஆண்டும் வரிசை முறையில் புதிய இளம் வீரர்களைத் தெரிவு செய்கின்றன. இந்நிகழ்வு டிராஃப்ட் எனப்படுகிறது. ஓர் அணி ஒருவரைத் தெரிவு செய்தவுடன், அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை குறிப்பிட்ட காலத்துக்கு அந்த அணிக்கு மட்டுமே உரியதாகிறது. இன்று 32 அணிகள் 7 சுற்றுகளில் ஏறத்தாழ 224 பேரைத் தெரிவு செய்கின்றன. தெரிவு செய்யப்படுவோரில் பெரும்பாலோர் 18 வயதை ஒட்டியவர்கள்.

ஏலம் போலப் பணத்தால் அல்லாமல் முறை வரிசையால் நடப்பதால், யாரை எந்த இடத்தில் எடுப்பது என்பதே டிராஃப்டின் மையக் கேள்வியாகும். உடலும் ஆட்டமும் முதிர்ச்சியடையாத ஒருவர் ஐந்தாண்டுகளுக்குப் பின் எப்படி ஆடுவார் என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டியுள்ளது. இந்தக் கணிப்பு தனிமனிதரின் கண்ணில் தொடங்கி, மைய அமைப்பு, உடற்திறன் சோதனை, புள்ளியியல் எனப் பல படிகளைக் கடந்து வந்துள்ளது.

டிராஃப்டுக்கு முந்தைய காலம்

1960களின் நடுப்பகுதி வரை என்.எச்.எல். தொடரில் ஆறு அணிகளே இருந்தன. ஒவ்வோர் அணியும் சில இளையோர் அணிகளுக்குப் பண உதவி செய்து, அவற்றில் ஆடும் சிறுவர்களின் எதிர்கால உரிமையைத் தன்வசம் வைத்துக்கொண்டது. இது ஆதரவாளர் முறை எனப்பட்டது. இதில் முக்கியமானது 'சி' படிவம் என்ற ஒப்பந்தமாகும். சிறுவனும் பெற்றோரும் அதில் கையெழுத்திட்டால், அவனது தொழில்முறை ஆட்ட வாழ்க்கை அந்த ஓர் அணிக்கே கட்டுப்பட்டது. சம்பளத்தையோ வேறு அணியையோ பேரம் பேசும் வாய்ப்பு அவனுக்கு இல்லாமல் போனது.

இம்முறையில் திறமையைக் கண்டறிபவர்கள் ஸ்கவுட் எனப்படும் திறன்தேடுநர்களே. அவர்கள் சிற்றூர்களின் பனித்தளங்களுக்குப் பயணம் செய்து, சிறுவர்களின் ஆட்டத்தைப் பார்த்து, பிற அணிகளுக்கு முன்பாகக் குடும்பத்தை அணுகினர். 1961 இல் பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் தேடுநர்கள் வேறு இரு சிறுவர்களைப் பார்ப்பதற்காக ஒன்ராறியோ மாகாணத்தின் கனனாக்வே ஊருக்குச் சென்றனர். அங்கே எதிரணியில் ஆடிய பாரி சவுண்ட் ஊரைச் சேர்ந்த பாபி ஓர் என்ற சிறுவன் அவர்களின் கவனத்தைக் கவர்ந்தான். மறு ஆண்டு, 14 வயதில், அவன் பாஸ்டனின் 'சி' படிவத்தில் கையெழுத்திட்டான். பின்னாளில் ஓர் சிறந்த தற்காப்பு வீரருக்கான நோரிஸ் விருதைத் தொடர்ந்து எட்டு முறை வென்றார்.

பாஸ்டனுக்கு இது பெரும் பேறு. ஆனால் 14 வயதில் ஒருவரது எதிர்காலம் முழுவதையும் ஓர் அணியிடம் ஒப்படைத்த முறை இது. வளமும் தொடர்புகளும் மிகுந்த அணிகளுக்கே நல்ல சிறுவர்கள் கிடைத்தனர். பின்தங்கிய அணிகள் மேலும் பின்தங்கின.

முதல் டிராஃப்ட்

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க 1963 ஜூன் 5 அன்று மான்ட்ரியல் நகரின் குயின் எலிசபெத் விடுதியில் முதல் டிராஃப்ட் நடத்தப்பட்டது. எந்த அணியின் ஆதரவிலும் இல்லாத சிறுவர்கள் மட்டுமே இதில் இடம்பெற முடிந்தது. மொத்தம் 21 பேர் தெரிவு செய்யப்பட்டனர். முதலிடத்தில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி கேரி மோனகனை எடுத்தபோது அவருக்கு வயது 16. சிறந்த சிறுவர்கள் ஏற்கெனவே ஒப்பந்தங்களால் கட்டப்பட்டிருந்ததால், தொடக்க ஆண்டுகளில் இந்நிகழ்வு பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

ஆதரவாளர் முறை படிப்படியாக ஒழிந்தபின், 1969 இல் தகுதியுடைய இளையோர் அனைவரும் டிராஃப்டுக்குள் வந்தனர். அவ்வாண்டு 84 பேர் தெரிவு செய்யப்பட்டனர். பின்லாந்தின் டொம்மி சால்மெலைனன் டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஐரோப்பியர் ஆனார்.

மதிப்பீட்டின் பெரிய பிழை ஒன்றும் அதே ஆண்டில் நிகழ்ந்தது. மானிடோபா மாகாணத்தின் பாபி கிளார்க் இளையோர் தொடரில் சிறந்து விளங்கியவர். ஆயினும் அவருக்கு நீரிழிவு நோய் இருந்ததால், தொழில்முறை ஆட்டத்தின் கடுமையை அவர் தாங்கமாட்டார் என்று அணிகள் அஞ்சின. பிலடெல்பியா பிளையர்ஸ் அணியும் முதல் வாய்ப்பில் அவரைத் தவிர்த்து, 17 ஆவது இடத்திலேயே எடுத்தது. கிளார்க் மூன்று முறை மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதை வென்றார். 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் அணித்தலைவராக ஸ்டான்லி கோப்பையையும் பெற்றார். 2013 இல் முதல் வகை நீரிழிவு உடைய மாக்ஸ் டோமி முதல் சுற்றிலேயே 12 ஆவதாக எடுக்கப்பட்டார். கிளார்க்கின் நினைவாக அவர் 16 என்ற எண்ணை அணிந்தார்.

மையத் தேடல் அமைப்பின் தோற்றம்

1972 இல் தொடங்கிய உலக ஹாக்கி சங்கம் என்ற போட்டித் தொடர் இளம் வீரர்களைக் கவர முயன்றது. எனவே 1974 இல் என்.எச்.எல். தனது டிராஃப்டைத் தொலைபேசி வழியாக இரகசியமாக நடத்தியது. நீண்டு இழுத்த அந்த நடைமுறையால் சலிப்புற்ற பஃபலோ சேபர்ஸ் அணியின் பொது மேலாளர் பஞ்ச் இம்லாக், 183 ஆவது இடத்தில் டாரோ சுஜிமோட்டோ என்ற ஜப்பானிய வீரரைத் தெரிவு செய்தார். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. பெயரும் அணியும் கற்பனை. லீக் அப்பெயரை அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்தது. உண்மை தெரிந்த பின்னரே அது செல்லாததாக்கப்பட்டது. தொலைதூர வீரர்களைப் பற்றி அணிகள் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தன என்பதற்கு இது வேடிக்கையான சான்று.

1975 இல் ஜாக் பட்டன் என்பவரின் முயற்சியால் என்.எச்.எல். மையத் தேடல் அமைப்பு உருவானது. எல்லா அணிகளுக்கும் பொதுவாக வீரர்களைப் பார்த்து, அறிக்கை எழுதி, தரவரிசை வெளியிடுவது இதன் பணி. அணிகள் தமக்கெனத் தனித் தேடுநர்களையும் தொடர்ந்து வைத்துள்ளன. மைய அமைப்பின் வரிசை அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் எந்த அணியும் ஒரு வீரரை அறியாமல் விட்டுவிடாதபடி ஓர் அடித்தளத்தை அது அமைத்தது.

இந்த அமைப்பு ஒரு பருவத்தில் பல முறை பட்டியல் வெளியிடுகிறது. இலையுதிர் காலத்தில் வரும் முதற்பட்டியல், வீரர்களை எந்தச் சுற்றுக்குத் தக்கவர்கள் என்ற அளவில் ஏ, பி, சி என்ற தரங்களாகப் பிரிக்கிறது. ஜனவரியில் இடைக்கால வரிசையும், ஏப்ரலில் இறுதி வரிசையும் வருகின்றன. வட அமெரிக்கக் கள வீரர்கள், வட அமெரிக்கக் கோல்காப்பாளர்கள், பன்னாட்டுக் கள வீரர்கள், பன்னாட்டுக் கோல்காப்பாளர்கள் என நான்கு தனிப் பட்டியல்கள் உண்டு. அனைவரையும் ஒரே வரிசையில் அடுக்கும் பொறுப்பு அணிகளிடமே விடப்படுகிறது.

வயது வரம்பும் பிறந்த நாளும்

1979 இல் இரு தொடர்களுக்கும் இடையிலான போட்டி முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு டிராஃப்டின் வயது வரம்பு குறைக்கப்பட்டு, 1980 முதல் 18 வயதினரும் தகுதி பெற்றனர். இளம் வயதிலேயே உலக ஹாக்கி சங்கத்தில் ஆடத் தொடங்கி, அணிகளின் இணைப்பு வழியாக என்.எச்.எல். தொடருக்குள் வந்த வேய்ன் கிரெட்ஸ்கி எந்த டிராஃப்டிலும் தெரிவு செய்யப்படவில்லை. 1980 இல் முதன்முறையாக மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்வு நடந்தது.

வயது வரம்பு குறைந்ததால் கணிப்பு மேலும் கடினமானது. 20 வயதினரின் உடல் பெரும்பாலும் முழு வளர்ச்சி பெற்றிருக்கும். 17 வயதினருக்கு அப்படியல்ல. தற்போதைய விதிப்படி, டிராஃப்ட் ஆண்டின் செப்டம்பர் 15 ஆம் நாளுக்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அலெக்சாண்டர் ஒவெச்கின் 1985 செப்டம்பர் 17 அன்று பிறந்தவர் என்பதால், இரு நாள் வேறுபாட்டில் 2003 இன் வாய்ப்பை இழந்தார். லீப் ஆண்டுகளின் கூடுதல் நாட்களைக் கணக்கிட்டால் அவர் தகுதியுடையவரே என்று புளோரிடா பாந்தர்ஸ் அணி வாதிட்டது. லீக் அதை ஏற்கவில்லை. மறு ஆண்டு அவர் முதலிடத்தில் எடுக்கப்பட்டார்.

பிறந்த மாதத்தின் தாக்கம் இதைவிட ஆழமானது. கனடாவில் சிறுவர் ஹாக்கி ஜனவரி 1 ஐ அடிப்படையாகக் கொண்டு வயதுப் பிரிவுகளை வகுக்கிறது. ஜனவரியில் பிறந்த சிறுவன், அதே பிரிவில் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். உயரமும் வலிமையும் கூடுதலாக உள்ள அவனுக்கே நல்ல அணியும் பயிற்சியும் கிடைக்கின்றன. 1985 இல் ரோஜர் பார்ன்ஸ்லி முதலிய ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினர். 2013 இல் ராபர்ட் டீனர் குழுவினர் 1980 முதல் 2006 வரையிலான டிராஃப்டுகளை ஆராய்ந்து, ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள் தம் தகுதிக்குக் குறைவான இடங்களில் எடுக்கப்பட்டதைக் காட்டினர். அனுபவம் மிக்க தேடுநர்களும் முதிர்ச்சியைத் திறமை என்று தவறாக எண்ணியிருக்கின்றனர் என்பதே இதன் பொருள்.

ஐரோப்பா: காணாத திசை

1970களிலும் 1980களிலும் அணிகள் ஐரோப்பிய வீரர்களைத் தயக்கத்துடனேயே அணுகின. சோவியத் வீரர்கள் நாட்டைவிட்டு வெளியேற முடியாத நிலையும் இருந்தது. 1989 இல் சுவீடனின் மாட்ஸ் சுண்டின் முதலிடத்தில் எடுக்கப்பட்ட முதல் ஐரோப்பியர் ஆனார். அதே ஆண்டில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி நிக்கலஸ் லிட்ஸ்டுரோமை 53 ஆவதாகவும், செர்கெய் ஃபெதொரோவை 74 ஆவதாகவும், விளாதிமிர் கொன்ஸ்தந்தீனோவை 221 ஆவதாகவும் எடுத்தது. முதல் இருவரும் பின்னர் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர்.

டெட்ராய்ட் அணியின் ஐரோப்பியத் தேடுநர் ஹாக்கன் ஆண்டர்சன் இவ்வழியைத் தொடர்ந்தார். திமித்ரி கலினின் என்ற தற்காப்பு வீரரைக் காணச் சென்ற இடத்தில், பாவெல் தத்சூக் என்ற சிறு உருவம் கொண்ட வீரரைக் கண்டார். 1998 இல் தத்சூக் 171 ஆவதாக எடுக்கப்பட்டார். 1999 இல் ஹென்றிக் செட்டர்பர்க் 210 ஆவதாக எடுக்கப்பட்டார். 2008 இல் டெட்ராய்ட் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது இவ்விருவரும் அணியின் முதுகெலும்பாக இருந்தனர். பாபி ஓர் கண்டறியப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும், வேறொருவரைக் காணச் சென்ற இடத்தில்தான் ஒரு பெரும் வீரர் தென்பட்டார்.

முதலிடத்தின் விலை

மிகத் தாழ்ந்த இடம் பெற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்ற விதி, தோற்பதில் ஆதாயம் உண்டு என்ற நிலையை உருவாக்கியது. 1983–84 இளையோர் பருவத்தில் மரியோ லெமியூ 70 ஆட்டங்களில் 282 புள்ளிகள் எடுத்தார். அவரைப் பெறுவதற்காகவே பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் கடைசி இடத்தை நாடியது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஒட்டாவா செனட்டர்ஸ் மீதும் 1993 இல் அத்தகைய ஐயம் எழுந்தது. 1995 முதல் முதலிடம் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படுகிறது.

ஒட்டாவா 1993 இல் எடுத்த அலெக்சாந்தர் டெய்கல், ஆடத் தொடங்கும் முன்பே ஐந்தாண்டுகளுக்கு 1.2 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் பெற்றார். எதிர்பார்த்த உயரத்தை அவர் எட்டவில்லை. இரண்டாவதாக எடுக்கப்பட்ட கிறிஸ் புரோங்கர் ஹார்ட் விருதும் புகழ் மண்டப இடமும் பெற்றார். 1995 இன் தொழிலாளர் உடன்படிக்கையில் புதுமுக வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. ஆனால் டெய்கல் 616 ஆட்டங்களில் ஆடியவர். பெரும்பாலான வீரர்கள் எட்டமுடியாத எண்ணிக்கை இது. முதலிடம் என்ற முத்திரை இல்லையெனில் அவரைத் தோல்வியுற்றவர் என யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறர் செய்த கணிப்பின் பிழையை 18 வயது இளைஞர் சுமக்க நேர்ந்தது.

கோல்காப்பாளர்களைக் கணிப்பது இன்னும் கடினம். அவர்கள் தாமதமாகவே முதிர்ச்சி அடைகின்றனர். 2000 இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி கோல்காப்பாளர் ரிக் டிபியட்ரோவை முதலிடத்தில் எடுத்தது. அதே டிராஃப்டில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி ஹென்றிக் லண்ட்குவிஸ்டை 205 ஆவதாக எடுத்தது. காயங்களால் டிபியட்ரோவின் ஆட்ட வாழ்க்கை சுருங்கியது. லண்ட்குவிஸ்ட் 459 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார்.

சோதனைகளும் எண்களும்

டிராஃப்டுக்கு முன் ஜூன் மாதத் தொடக்கத்தில், முன்னணி இளையோர் உடற்திறன் சோதனை முகாமுக்கு அழைக்கப்படுகின்றனர். 2015 முதல் இது பஃபலோ நகரில் நடைபெறுகிறது. 30 விநாடி முழுவேக மிதிவண்டிச் சோதனை, உடல் உட்கொள்ளும் ஆக்சிஜன் அளவு, செங்குத்துத் தாவல், கைப்பிடி வலிமை ஆகியவை அளக்கப்படுகின்றன. அணிகள் வீரர்களை நேர்காணலும் செய்கின்றன.

2014 இல் மைய அமைப்பின் வட அமெரிக்க வரிசையில் முதலிடம் பெற்ற சாம் பென்னட், கம்பியைப் பிடித்து உடலை மேலே இழுக்கும் சோதனையில் ஒருமுறைகூட வெற்றி பெறவில்லை. ஊடகங்களில் அது பெரிய செய்தியானது. கால்கரி ஃபிளேம்ஸ் அணி அவரை நான்காவதாக எடுத்தது. 2025 இல் புளோரிடா பாந்தர்ஸ் கோப்பையை வென்றபோது, தகுதிச்சுற்றின் மிகச் சிறந்த வீரருக்கான கான் ஸ்மித் விருது பென்னட்டுக்கே கிடைத்தது.

வெவ்வேறு தொடர்களில் ஆடுவோரை ஒப்பிடுவதும் நீண்டகாலச் சிக்கலாகும். ஒரு தொடரிலிருந்து என்.எச்.எல். தொடருக்கு வந்த வீரர்களின் புள்ளிகள் சராசரியாக எந்த விகிதத்தில் குறைந்தன என்பதைக் கொண்டு, அத்தொடரின் மதிப்பைக் கணக்கிடும் முறையைக் கேப்ரியல் டெஜார்டின்ஸ் 2000களில் பரவலாக்கினார். இளையோர் தொடரில் 100 புள்ளிகளும் சுவீடனின் பெரியவர் தொடரில் 20 புள்ளிகளும் எதைக் குறிக்கின்றன என்பதை இதன்வழி ஒப்பிட முடிகிறது. எனினும் தற்காப்புத் திறன், ஆட்டத்தை முன்னுணரும் அறிவு, தோல்விக்குப் பின் மீளும் மனவுறுதி ஆகியவை புள்ளிகளில் முழுமையாக வெளிப்படுவதில்லை. எனவே அணிகள் எண்ணையும் கண்ணையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

ஊடகத் தரவரிசைகளும் இத்துறையின் பகுதியாகிவிட்டன. கனடிய ஊடகவியலாளர் பாப் மெக்கென்சி தம் சொந்தக் கருத்தை வெளியிடாமல், அணிகளின் தேடுநர்களிடம் கருத்துக் கேட்டு ஒரு பொது வரிசையை உருவாக்கும் முறையைக் கையாண்டார். தனிக் கண்ணின் சாய்வைப் பலரின் தீர்ப்பு ஓரளவு சமன் செய்யும் என்பது இதன் அடிப்படை. ஆனால் எல்லோரும் ஒரே சாய்வைக் கொண்டிருந்தால் அது பலனளிக்காது. 5 அடி 8 அங்குல உயரமே உடைய மார்ட்டின் செயின்ட் லூயிஸை ஓர் அணிகூடத் தெரிவு செய்யவில்லை. 2004 இல் அவர் ஹார்ட் விருதை வென்றார். 2004–05 கதவடைப்புக் காலத்துக்குப் பின் தடுப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, வேகமும் நுட்பமும் கூடுதல் மதிப்புப் பெற்றன. ஆட்டத்தின் விதி மாறியபோது நல்ல வீரர் என்பதன் இலக்கணமும் மாறியது.

மதிப்பீடு

அறுபதாண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் தேடலின் பரப்பு மிகவும் விரிந்துள்ளது. இன்று ஒரு வீரரைப் பற்றிப் பல தேடுநர்களின் அறிக்கைகளும் காணொளிகளும் மருத்துவக் குறிப்புகளும் கிடைக்கின்றன. சுஜிமோட்டோ போன்ற பெயர் இனிப் பட்டியலில் நுழைய வழியில்லை. முதல் சில இடங்களில் எடுக்கப்படுவோர் சராசரியாகப் பின்வருவோரைவிடச் சிறந்து விளங்குவதால், தரவரிசை பொருளற்றதும் அல்ல. ஆனால் முதலிடங்களுக்குக் கீழே அதன் துல்லியம் விரைந்து குறைகிறது. கிளார்க், தத்சூக், லண்ட்குவிஸ்ட், செயின்ட் லூயிஸ் ஆகியோர் தவறவிடப்பட்டதற்குத் தகவல் குறைபாடு மட்டும் காரணமன்று; நோய், உருவம், பிறந்த நாடு பற்றிய முன்முடிவுகளும் காரணமாயின. அத்தகைய முன்முடிவுகளை எந்த அணி முதலில் கைவிட்டதோ, அந்த அணியே டிராஃப்டின் பிற்சுற்றுகளில் பெரும் பயன் பெற்றது.