சிதம்பரம் 1965: ஒரு ‘மே’ செய்த வேலை

1965 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாண்டிச்சேரியிலிருந்து பஸ் பிடித்து, வழக்கம்போலத் திருப்பாதிரிப்புலியூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குப் பதினான்கு வயது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த அண்ணன், அதாவது பெரியப்பா மகன், மாற்றுத் துணிகூட இல்லாமல் சிதம்பரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

27ஆம் தேதி அண்ணாமலை நகரில் இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போன மாணவர்கள் மீது போலீஸ் சுட்டதில் இராசேந்திரன் என்ற மாணவர் இறந்துபோனார். அந்தக் கூட்டத்தில் அண்ணனும் இருந்தார்.

பெரியப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கதர் வேட்டி, காமராசர் பக்தி. “பஸ்ஸையும் தபால் ஆபீஸையும் கொளுத்தினா இந்தி ஓடிடுமாடா?” என்றார். “நாங்க எதையும் கொளுத்தலைப்பா. ஊர்வலமாத்தான் போனோம். சுட்டது அவங்க” என்றார் அண்ணன். சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

சண்டையின் மூலம் எனக்கு அன்று விளங்கவில்லை. பிற்பாடு சர்க்கார் வேலையில் சேர்ந்து கோப்பு எழுதப் பழகியபோதுதான் விளங்கிற்று. 1963 ஆட்சிமொழிச் சட்டம், 1965 ஜனவரி 26க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர ‘மே’ என்றது. ‘ஷல்’ என்று சொல்லவில்லை. தொடரலாம், தொடரவேண்டும் என்று கட்டாயமில்லை. இந்தி பேசாதவர்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு 1959இல் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1964இல் அவரும் போய்விட்டார். ‘மே’ போட்ட கோப்பு எத்தனை வருஷம் தூங்கும் என்பது குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தெரியும். நான் படித்த பிரெஞ்சில் ‘மே’ என்று ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. ‘ஆனால்’ என்று அர்த்தம். அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த வருஷம் தங்கள் உடம்பையே எரித்துக்கொண்டவர்களும் உண்டு. ஓராண்டு முன்பே, 1964 ஜனவரி 25இல், திருச்சியில் சின்னச்சாமி தொடங்கி வைத்தது அது. 1965இல் சென்னையில் சிவலிங்கம், அரங்கநாதன் என்று தொடர்ந்தது. இதையும் வன்முறைக் கணக்கில் எழுதுவதா, தியாகக் கணக்கிலா? பெரியப்பாவே இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பக்தவத்சலம் அரசு அண்ணாதுரையையும் தி.மு.க. தலைவர்களையும் முன்கூட்டியே பிடித்து உள்ளே வைத்துவிட்டது. நிறுத்துங்கள் என்று சொன்னால் கேட்க வைக்கக்கூடியவர்கள் தெருவில் இல்லாமல் போனார்கள். பிறகு அண்ணாவே கேட்டுக்கொண்டும் மாணவர்கள் அடங்கவில்லை. பிப்ரவரி 10ஆம் தேதி பல ஊர்களில் துப்பாக்கிச்சூடு. அன்றுதான் திருப்பூரில் இரண்டு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்களைக் கூட்டம் உயிரோடு கொளுத்தியது. மறுநாள் மத்திய மந்திரிகள் சி. சுப்பிரமணியமும் அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். நேருவின் வாக்கைக் காப்போம் என்று சாஸ்திரி ரேடியோவில் பேசினார்.

14ஆம் தேதி நான் மறுபடி போனபோது, “பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்” என்று பெரியப்பா பேப்பரைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் பதில் பேசாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

எரித்ததால்தான் டில்லி இறங்கியது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அப்படித் தோன்றும், மறுக்க முடியாது. ஆனால் பிப்ரவரியில் கிடைத்தது ரேடியோப் பேச்சு ஒன்றுதான். சட்டத்தைத் திருத்தியது 1967 கடைசியில், காங்கிரஸ் சென்னையில் ஆட்சியை இழந்து, விருதுநகரில் காமராசரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்த தேர்தலுக்குப் பிறகு. இடையில் போன உயிர்கள் அரசுக் கணக்குப்படியே எழுபது வரும். அதில் பெரும்பாலோர் போலீஸ், ராணுவக் குண்டுக்குப் பலியானவர்கள். அதையும் பெரியப்பா காலத்து ஆட்கள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

அண்ணன் தமிழாசிரியராகி ஓய்வு பெற்றார். ஜனவரி 25, மொழிப்போர் தியாகிகள் நாளுக்குச் சிதம்பரம் போய் இராசேந்திரன் சிலையைப் பார்க்காமல் இருக்கமாட்டார். சில வருஷம் முன்பு நானும் கூடப் போனேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே, “அந்தத் திருப்பூர் எஸ்.ஐ.ங்க ரெண்டு பேருக்கும் பிள்ளைங்க இருந்திருக்கும் இல்ல தம்பி?” என்றார். ஐம்பது வருஷத்தில் திருப்பூர் என்ற பேச்சை அவர் எடுத்தது அன்றுதான்.