சந்திக்காத இரண்டு இரயில்கள்

ஒத்தக்கடைக்காரர்களுக்கு மலை என்றால் யானைமலைதான். மலை இரயில் என்று பேச்செடுத்தால் மட்டும் நம் நினைவு உடனே உதகைக்கு ஓடிவிடுகிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் ஏறிய அந்தப் பற்சக்கர இரயிலை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் புகழில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் மதுரைக்கு மேற்கே போடிநாயக்கனூர் வரை ஓடும் இரயிலுக்கும், அதற்கு மேலே மலைமுகட்டில் ஒரு காலத்தில் ஓடிய இரயிலுக்கும் உள்ள கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மேலே ஓடியதிலிருந்து தொடங்குவோம். மூணாறின் தேயிலையைச் சமவெளிக்கு இறக்குவதற்காக 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்றைப் போட்டார்கள். பாரத்தின் பெரும்பகுதி அந்த ஒரு தண்டவாளத்தின் மேல்; வண்டி சாய்ந்துவிடாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு சக்கரம் தரையில் உருளும். இழுத்தவை மாடுகள். (இதே முறையில் பட்டியாலாவில் ஓடிய வண்டி ஒன்றை இன்றும் டெல்லி இரயில் அருங்காட்சியகத்தில் காணலாம்.) 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை அமைத்து, நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். மூணாறிலிருந்து தமிழகத்தின் எல்லைமுகடு வரை அந்தப் பாதை வந்தது. அது முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன.

போடியில் அப்போது இரயில் இல்லை. மதுரைக்கு 1875லேயே இரயில் வந்துவிட்டபோதும், மேற்கே அது நீளவில்லை. தேயிலையும் ஏலமும் சாலை வழியாகவே கிழக்கே போயாக வேண்டியிருந்தது.

1924இல் பெய்த பெருமழையில் குண்டளை இரயில் அழிந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால், கேரளத்தார் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றே சொல்கிறார்கள். பாதையை மீண்டும் போட எவரும் முனையவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், மதுரை–போடி மீட்டர்பாதை திறக்கப்பட்டது. மேலே இரயில் ஓடியபோது கீழே இல்லை; கீழே வந்து சேர்ந்தபோது மேலே இல்லை.

கீழே வந்ததாவது நிலைத்ததா? இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், போடித் தடத்தின் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். விடுதலைக்குப் பின், 1950களில்தான் அவை மறுபடி வந்தன. பிறகு அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் வண்டி நின்றது. தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூன் மாதமும் திரும்பியது. அகலப்பாதை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் என்பதுதான் நம் கணக்கில் ஏற மறுக்கிறது. போர் கொண்டுபோன காலமும் ஏறத்தாழ அவ்வளவே. உசிலம்பட்டியிலும் ஆண்டிப்பட்டியிலும் இரயிலேறி மதுரைக்குப் படிக்கவும், மருத்துவம் பார்க்கவும், சந்தைக்கும் வந்தவர்களின் ஒரு தலைமுறை அதற்குள் பேருந்துக்குப் பழகிவிட்டது.

இயற்கைக் காட்சிக்காக இந்தத் தடங்கள் எதுவும் போடப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டே பயணம் போகலாம். காட்சி குறைவுமில்லை. மதுரையை விட்டதும் நாகமலை நீண்ட நேரம் உடன் வரும். வடபழஞ்சி, வாலாந்தூர், உசிலம்பட்டி கடந்தால் ஆண்டிப்பட்டிக் கணவாய். பாறையை வெட்டிய இடுக்கில் வண்டி நுழைந்து வெளிப்படும்போது, எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. போடி வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்றும் ஓர் இடம் உண்டு. அங்கே இரயில் நின்றதே இல்லை. கம்பிவடத்தின் இடைநிலையம் அது. டாப் ஸ்டேஷனுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் பனிமூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பெயரில் ஸ்டேஷன் ஏன் இருக்கிறது என்று கேட்பவர் அரிது. தேனியைத் தாண்டியதும் வலப்புறச் சன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். வடமேற்கே தெரியும் அந்த முகட்டு வரிசையில்தான் டாப் ஸ்டேஷன் இருக்கிறது.